சலுகை யார் பையிலிருந்து போகிறது? நல்ல வேலைக்கான டிசைன் ஸ்டூடியோவை நடத்த நான்கு வழிகள்

போன மாதம் சைதாப்பேட்டையில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு ஒரு பெண் வந்தாள். எனக்குத் தங்கை வயது. பெரியமேடு கவின் கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, ஐந்து வருடமாக ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். “அக்கா, இனிமே சிறுதானியம் விக்கிறவங்க, கைத்தறிக்காரங்க, தொண்டு நிறுவனம், இவங்களுக்கு மட்டும்தான் டிசைன் பண்ணப் போறேன். ராஜினாமா லெட்டர் ரெடி. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு சொல்லுங்க” என்றாள். லெட்டரை இன்னும் கொடுக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவள் மட்டுமில்லை. இதே கேள்வியோடு மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது எழுதுகிறார்கள். முழுக்க நல்ல காரியங்களுக்கே வேலை செய்வதா, பெரிய க்ளையன்ட்டுகளையும் வைத்துக்கொள்வதா, லாப நோக்கமற்ற அமைப்பாகவே பதிவு செய்வதா, நாலு பேர் சேர்ந்து கூட்டாக நடத்துவதா? நான் முதல் வழியில் இரண்டு வருடம் இருந்தேன். இப்போது இரண்டாவது வழியில் ஏழு வருடமாக இருக்கிறேன். மூன்றாவதற்கு ஆடிட்டர் வரை போய், யோசித்துத் திரும்பினேன். நான்காவதை நண்பர்கள் நடத்தக் கூட இருந்து பார்த்திருக்கிறேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் மதிப்பா பணமா என்றுதான் குழம்புகிறார்கள். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. நல்ல காரியம் செய்கிறவர்களிடம் முழுக் கட்டணம் கொடுக்கப் பெரும்பாலும் பணம் இருக்காது. ஆகவே எந்த வழியில் போனாலும் ஒரு சலுகை கொடுத்தே ஆக வேண்டும். அந்தச் சலுகை யார் பையிலிருந்து போகிறது என்பதில்தான் இந்த நான்கு வழிகளும் வேறுபடுகின்றன.

## எதை வைத்து அளப்பது

முதலில் சம்பளம். உங்களுடையதை மட்டும் சொல்லவில்லை, உங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு மாதம் பிறந்ததும் பணம் போகிறதா என்று பாருங்கள். ‘விவசாயிக்கு நியாய விலை’ என்று ஒரு பாக்கெட்டில் எழுதுகிறோம். அதை வரைந்த பெண்ணுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தால், அந்த வாக்கியத்தை எழுதும் உரிமை நமக்குப் போய்விடும்.

இரண்டாவது, ‘வேண்டாம்’ என்று சொல்லும் தெம்பு. சில க்ளையன்ட்டை வேண்டாம் என்போம். சில வேலையைச் செய்யும் விதத்தை வேண்டாம் என்போம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலையோர பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிர் போனது. அன்றிலிருந்து சாலையில் கட்டும் ஃப்ளெக்ஸுக்கு நாங்கள் டிசைன் செய்வதில்லை. விழா மேடைக்குப் பின்னால் கட்டுவது என்றால்கூட, துணியில் அச்சடிக்கலாமா என்றுதான் முதலில் கேட்போம். துணி விலை கூடுதல். பாதிப் பேர் மாட்டேன் என்பார்கள். அந்தப் பாதிப் பேரை இழக்கத் தாங்குமா உங்கள் கணக்கு?

மூன்றாவது பணம் வந்து சேரும் வேகம். நான்காவது காகித வேலை, அதாவது பதிவு, தாக்கல், ஆடிட்டர்.

ஐந்தாவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. செய்த வேலை அந்த ஆட்களுக்கு உண்மையிலேயே பயன்பட்டதா? ஆரம்ப காலத்தில் திருவள்ளூர் பக்கத்து மகளிர் குழு ஒன்றுக்குச் சத்துமாவு லேபிள் செய்துகொடுத்தேன். வெளிர் பழுப்புப் பின்னணி, மெல்லிய கோட்டில் எழுத்து. ஸ்க்ரீனில் பார்க்க அவ்வளவு அழகு. நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் அவர்கள் கடை போட்டிருந்தபோது போய்ப் பக்கத்தில் நின்றேன். வயதான அம்மாக்கள் பாக்கெட்டைக் கையில் எடுத்தார்கள், கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்தார்கள், பக்கத்தில் கொண்டுவந்தார்கள், திரும்ப வைத்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் ஆறு பேர் அப்படி வைத்தார்கள். குழுத் தலைவி அக்கா என்னிடம் வந்து, “நல்லாத்தான் இருக்கு கண்ணு. படிக்கத்தான் முடியல” என்றார்.

ஊருக்குத் திரும்பும் பஸ் ஏறுமுன் அவரிடம் அளவெடுத்தேன். ‘சத்துமாவு’ என்ற சொல் கை நீட்டிப் பிடித்தாலும் தெரிய வேண்டும், விலை முன்பக்கம் இருக்க வேண்டும், எடை, தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் ஒரே இடத்தில் வர வேண்டும். மறுபடி செய்ய மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளுக்கு யார் காசு கொடுப்பது? சிறு குழுக்களுக்கான வேலையில் லோகோ வரைவதைவிட இப்படிக் கடையில் நின்று பார்ப்பதற்குத்தான் நேரம் போகும். ஒரு ஸ்டூடியோவின் அமைப்பு அந்த மூன்று நாளைத் தாங்குகிறதா என்பதே என் ஐந்தாவது அளவுகோல்.

## முதலில் ஒரு கணக்கு

எந்த வழி என்று பேசுவதற்கு முன் உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன செலவு என்று தெரிந்தாக வேண்டும். மூன்று பேர் இருக்கும் ஒரு ஸ்டூடியோவை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நடத்துபவருக்கு 60,000, மற்ற இருவருக்கு 35,000, 30,000. ஆகச் சம்பளம் 1,25,000. வாடகை 20,000. மென்பொருள், இணையம், மின்சாரம் 15,000. ஆடிட்டர், போக்குவரத்து, சில்லறை 5,000. மொத்தம் மாதம் 1,65,000.

மூன்று பேர் ஆளுக்கு 160 மணி நேரம் வேலை செய்தால் 480 மணி. அதில் பில் போடக்கூடியது பாதிதான். மீதி கொட்டேஷன், போன், பிரஸ்ஸுக்கு அலைவது, பணம் கேட்டு நினைவூட்டுவது என்று போய்விடும். 240 மணி என்றால் ஒரு மணி நேரத்துக்கு அடக்கவிலை ஏறத்தாழ 690 ரூபாய்.

ஒரு சிறு தொண்டு நிறுவனமோ உழவர் குழுவோ மணிக்கு 400 கொடுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். எல்லா மணியும் அவர்களுக்கே என்றால் வரவு 96,000. துண்டு விழுவது 69,000. நடத்துபவர் சம்பளமே 60,000தான். அவர் ஒரு ரூபாய்கூட எடுக்காமல் இருந்தாலும் மாதம் 9,000 பற்றாது. இந்தக் கணக்கைப் போடாமல்தான் நான் முதல் இரண்டு வருடம் ஓட்டினேன்.

## வழி 1: முழுக்க நல்ல வேலை மட்டும்

இதன் பெரிய பலம் தெளிவு. யார் நீங்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். இயற்கை விவசாயிகள், கைத்தறிச் சங்கங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகள் எல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒரு வேலை நன்றாக அமைந்தால் அடுத்தது தானாக வரும். தேடிப் போய் விளம்பரம் செய்ய வேண்டாம். அப்புறம், அந்தத் துறை உங்களுக்கு அத்துப்படியாகிவிடும். இயற்கை விளைபொருளுக்கான அரசு அடையாளமான ஜெய்விக் பாரத் முத்திரையை லேபிளில் யார் போடலாம், யார் போடக் கூடாது என்று க்ளையன்ட்டுக்கே நீங்கள் எடுத்துச் சொல்ல முடியும்.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம்.

தொண்டு நிறுவனங்களின் பணம் ஏப்ரல் முதல் மார்ச் வரையான ஆண்டுக் கணக்கில் ஓடும். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ‘இந்த வருஷ பட்ஜெட்டில் முடிக்கணும்’ என்று வேலை குவியும். மே, ஜூனில் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். ஒரு வருடம் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நிதி வருவது மூன்று மாதம் தள்ளிப்போனதால் எங்கள் பில்லும் தள்ளிப்போனது. என்னிடம் இருந்த பையன் பத்தாம் தேதி வந்து, “அக்கா, வீட்டுக்காரர் ரெண்டு தடவை கேட்டுட்டார்” என்று மட்டும் சொல்லிவிட்டு இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். சலுகை கொடுத்தது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மாதம் கொடுத்தவன் அவன்.

அடுத்தது ஜி.எஸ்.டி. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம், டிசைனுக்கு 18 சதவீதம். வணிக நிறுவனம் என்றால் அந்த வரியை, தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும். தொண்டு நிறுவனத்தால் பெரும்பாலும் முடியாது; 50,000 ரூபாய் வேலை அவர்களுக்கு 59,000 ஆகிவிடும். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள்: மாதம் 1,65,000 என்றால் ஆண்டுக்கு 19,80,000. வரம்புக்குள்ளே இருக்கும் சின்ன ஸ்டூடியோவுக்கு இந்த வழியில் இது ஓர் உண்மையான அனுகூலம்.

மூன்றாவது, வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்புகள் நிர்வாகச் செலவுக்கு அதில் 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. 2020 சட்டத் திருத்தத்துக்கு முன் இது 50 சதவீதமாக இருந்தது. ஆண்டறிக்கை டிசைன் போன்றவை நிர்வாகச் செலவில்தான் போய் உட்காரும், ஆகவே முதலில் வெட்டுப்படும். ஆனால் கிராமத்துப் பெண்களுக்கான உடல்நலக் கையேடு என்பது திட்டச் செலவு. எனவே அவர்களிடம் ‘என்ன பட்ஜெட் இருக்கிறது’ என்று கேட்காமல் ‘இது எந்தத் தலைப்பில் வரும்’ என்று கேளுங்கள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்காளர் அம்மா. அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

கடைசியாக, ‘நம்ம ஆளு’ என்ற உரிமை. ‘நீங்களும் எங்களை மாதிரிதானே’ என்று எட்டாவது கரெக்‌ஷன் வரும். பத்துப் பேர் கொண்ட கமிட்டி லோகோவைப் பார்க்கும், பத்துப் பேருக்கும் ஆளுக்கொரு நிறம் பிடிக்கும். எத்தனை கரெக்‌ஷன், யார் ஒருவர் சொல்வது முடிவு என்று கொட்டேஷனிலேயே எழுதாவிட்டால் மணிக்கு 400 என்பது 200 ஆகிவிடும்.

இந்த வழி யாருக்குச் சரி? குடும்பத்தில் இன்னொரு நிலையான வருமானம் உள்ளவருக்கு, வீட்டிலிருந்தே தனியாகச் செய்பவருக்கு, ஒரு வருடச் செலவைச் சேமிப்பில் வைத்திருப்பவருக்கு. அதாவது, சலுகை தன் பையிலிருந்து போகிறது என்று தெரிந்து, மனதாரக் கொடுப்பவருக்கு. சம்பளத்துக்கு ஆள் வைக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வழி வேண்டாம் என்றே சொல்வேன்.

## வழி 2: இரண்டு கணக்கு

முழுக் கட்டணம் கொடுக்கும் க்ளையன்ட்டுகளின் பணத்தில், கொடுக்க முடியாதவர்களுக்கான சலுகையை ஈடு செய்வது. நம் ஊரில் இதற்குப் பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. 1976-ல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில்தான் கட்ட முடியாதவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து வளர்ந்தது. அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: இரு பக்கத்துக்கும் அதே மருத்துவர்கள்தான். அறை வேறு, கட்டில் வேறு, சிகிச்சையின் தரம் ஒன்று. டிசைன் ஸ்டூடியோவில் இரண்டு கணக்கு வைப்பவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். கம்பெனி வேலையை மூத்தவர் செய்வார், மகளிர் குழு வேலை புதிதாகச் சேர்ந்த பையனுக்குப் போகும், அதுவும் சனிக்கிழமை சாயங்காலம்.

கணக்கு இப்படி வரும். 240 மணியில் 40 சதவீதம், அதாவது 96 மணி, மணிக்கு 400 என்றால் 38,400. மீதி 144 மணி மணிக்கு 1,000 என்றால் 1,44,000. மொத்தம் 1,82,400. செலவு போக 17,400 கையிருப்பு. திருவள்ளூர் லேபிளின் மூன்று நாள் அதிலிருந்துதான் வரும். அதையே தலைகீழாக்கி 70 சதவீதம் சலுகை வேலை என்று வைத்தால், மீதி 72 மணியும் மணிக்கு 1,358 ரூபாய் கொண்டுவந்தால்தான் செலவே கட்டும், கையிருப்பு எதுவும் மிஞ்சாது. அந்த விலைக்கு ஆள் கிடைத்தால் சரி. கிடைக்கும் என்று நம்பி ஆரம்பிக்காதீர்கள்.

இந்த வழியில் வரவு ஆண்டுக்கு 21 லட்சத்தைத் தாண்டுவதால் ஜி.எஸ்.டி. வந்துவிடும். சலுகையைப் பில்லிலேயே காட்டுங்கள்: முழுத் தொகை 48,000, ஸ்டூடியோவின் பங்கு 24,000, செலுத்த வேண்டியது 24,000. வரியும் மீதித் தொகைக்குத்தான் வரும். அதைவிட முக்கியம், வேலையின் உண்மையான மதிப்பு அவர்கள் கண்ணில் படும். முழுக்க இலவசமாகச் செய்த வேலைகளில்தான் எங்களுக்குப் பாதியில் நின்றவை அதிகம். பாதி விலை கொடுத்தவர்கள் முடிவும் எடுத்தார்கள், வேலையைப் பயன்படுத்தவும் செய்தார்கள்.

பணம் வரும் வேகத்தில் இந்த வழிக்கு ஒரு சட்டத் துணை உண்டு. உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு. இலவசம், இணையத்திலேயே முடித்துவிடலாம். பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது இந்த நிறுவனங்களுக்கான 2006-ன் சட்டம். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரியிலும் சேர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கம்பெனிகளின் கணக்குப் பிரிவிலிருந்து அவர்களாகவே அழைத்து உத்யம் எண் கேட்கிறார்கள். வரிவிலக்கு உள்ள அறக்கட்டளைகளிடம் இந்த வரிப் பிடி அவ்வளவாக வேலை செய்யாது என்பதால் முதல் வழியில் இந்தப் பலன் குறைவு.

இதன் பெரிய ஆபத்து பாதை நழுவுவது. அது ஒரே நாளில் நடக்காது. பெரிய க்ளையன்ட்டின் கெடு எப்போதும் அவசரமாக இருக்கும். சின்ன க்ளையன்ட் எப்போதும் ‘பரவாயில்லம்மா, மெதுவா பண்ணுங்க’ என்பார். இரண்டு வருடத்தில் 40 சதவீதம் 10 ஆகிவிடும், யாரும் முடிவெடுக்காமலே. நாங்கள் செவ்வாயும் புதனும் சலுகை வேலைக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம். அந்த இரண்டு நாளில் கம்பெனிகளின் கரெக்‌ஷன் கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஒரு க்ளையன்ட் மட்டும் அதற்காக விலகினார்.

இன்னொன்று, யாரிடம் வாங்கும் பணம் என்பது. புகையிலை, மது, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு, சிவப்பழகு க்ரீம் என்று சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறோம். ஆன்லைன் பண விளையாட்டை 2025-ல் மத்தியச் சட்டமே தடை செய்துவிட்டது. எங்கள் பட்டியலில் அது முன்பே இருந்தது. பட்டியலில் இல்லாத இடத்தில்தான் சிக்கல் வரும். ஒரு பேக்கேஜிங் கம்பெனி முழுக் கட்டணம் கொடுத்து, சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில் பச்சை இலை போட்டு ‘பூமிக்கு நண்பன்’ என்று எழுதச் சொன்னது. ஆதாரம் கேட்டேன், தரவில்லை. சுற்றுச்சூழல் பற்றி ஆதாரமில்லாமல் விளம்பரத்தில் சொல்லக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்திருக்கிறது. அதைக் காட்டி, “சார், இது உங்களுக்கும் சிக்கல்” என்று சொல்லி விட்டுவிட்டேன். அந்த மாதத்துக் கையிருப்பு போனது. கையிருப்பு இருந்ததால்தான் விட முடிந்தது.

யாருக்குச் சரி? சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கு, வீட்டுக்கடன் கட்டுபவர்களுக்கு, ஏற்கெனவே விளம்பரத் துறையில் தொடர்பு உள்ளவர்களுக்கு. என் கணிப்பில், சென்னையில் இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இதுதான்.

## வழி 3: லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவு

2013 கம்பெனிகள் சட்டத்தின் 8-வது பிரிவில் லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ளாத கம்பெனியாகப் பதிவு செய்யலாம். உங்களுக்கு நியாயமான சம்பளம் உண்டு, லாபப் பங்கு கிடையாது. நாளை மூட நேர்ந்தால் மிஞ்சும் சொத்து இதே போன்ற வேறோர் அமைப்புக்குப் போகும். சலுகைச் செலவை நன்கொடையாளரோ, கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதியோ ஏற்கும். கேட்க நன்றாக இருக்கிறது. நானும் இதில் மயங்கித்தான் ஆடிட்டரிடம் போனேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி: “நீங்க க்ளையன்ட்கிட்ட ஃபீஸ் வாங்குவீங்களா?” வாங்குவேன் என்றேன். வருமான வரிச் சட்டத்தில் ‘பொதுப் பயன்’ என்ற தலைப்பில் வரும் அமைப்பு, கட்டணம் வாங்கிச் செய்யும் வணிக வேலையின் வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஆண்டின் வரிவிலக்கு போய்விடும். டிசைன் ஸ்டூடியோவின் வரவே கட்டணம்தான். 100-க்கு 80 ரூபாய் நன்கொடையாக வந்தால்தான் இந்த வடிவம் நிற்கும். அப்படியானால் உங்கள் முழுநேர வேலை டிசைன் இல்லை, நிதி திரட்டுவது.

வருடா வருடம் தணிக்கை, கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல், வரிவிலக்குக்கும் நன்கொடையாளருக்குக் கிடைக்கும் வரிக் கழிவுக்கும் தனித்தனிப் பதிவு, அவற்றின் புதுப்பிப்பு என்று காகித வேலையும் நான்கு வழிகளில் இதற்குத்தான் அதிகம். சி.எஸ்.ஆர். நிதியை இன்னொரு கம்பெனி உங்கள் வழியாகச் செலவழிக்க மூன்று வருட அனுபவமும் காட்ட வேண்டும். வெளிநாட்டு நன்கொடைக்கான பதிவு அதற்கும் மேலே. நான் அன்றே எழுந்து வந்துவிட்டேன்.

ஆனாலும் இதை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். உங்கள் வேலை தனித்தனி க்ளையன்ட்டுக்கானதாக இல்லாமல் ஊருக்கே பொதுவானதாக இருந்தால் இதுதான் சரியான வடிவம். யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த உரிமத்தில் தமிழ் எழுத்துருக்கள் செய்வது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரைகலை கற்றுக்கொடுப்பது, சுகாதாரப் படங்களைப் பொதுவில் வைப்பது போன்ற வேலைகள். கற்பித்தல்தான் பிரதானம் என்றால் அந்த 20 சதவீதக் கணக்கும் வேறு மாதிரி. பதிவுக்கு முன்பே ஆடிட்டரிடம் இந்த ஒன்றைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

## வழி 4: கூட்டு

நான்கைந்து பேர், ஆளுக்கு வேறு வருமானமும் உண்டு. நல்ல வேலை வரும்போது சேர்ந்து செய்கிறார்கள். எல்.எல்.பி., அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மையாகப் பதிவு செய்ய இரண்டு பேர் போதும். ஆண்டு வரவு 40 லட்சத்தையோ மூலதனம் 25 லட்சத்தையோ தாண்டும்வரை தணிக்கை கட்டாயமில்லை. லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி என்பது இதன் பாதகம். தனிநபர் உரிமையில் நடத்தினால் உங்கள் வருமான அடுக்குப்படிதான் வரி.

சலுகை எல்லார் பையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் ஒருவருக்கும் வலிக்காது. வலிப்பது வேறு இடத்தில். க்ளையன்ட்டிடம் யார் பேசுவது, இது யார் கொண்டுவந்த வேலை, ஒருவர் விலகினால் அவர் வரைந்த லோகோ யாருடையது? இதையெல்லாம் முதல் நாளே எழுதிவிட வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றத்தை எழுத்தில்தான் செய்ய முடியும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளும். என் நண்பர்களின் கூட்டு மூன்றே வருடத்தில் கலைந்தது இதை எழுதாததால்தான். கல்லூரியில் பகுதிநேரம் கற்பிப்பவர்கள், குழந்தைகள் சிறுவயதில் இருக்கும் தாய்மார்கள் சேர்ந்தால் இந்த வழி நன்றாக நடக்கும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முழுக்க நல்ல வேலை | இரண்டு கணக்கு | 8-வது பிரிவு | கூட்டு |
|---|---|---|---|---|
| சலுகை யாருடையது | நடத்துபவர், பல நேரம் ஊழியரும் | முழுக் கட்டண க்ளையன்ட் | நன்கொடையாளர் | எல்லாரும் கொஞ்சம் |
| மாதச் சம்பளம் | தள்ளாடும் | நிற்கும் | நிதி இருக்கும்வரை | வேறு வருமானம் தேவை |
| ‘வேண்டாம்’ சொல்ல | மனம் உண்டு, பணம் இல்லை | கையிருப்பு இருந்தால் முடியும் | நன்கொடையாளரைப் பொறுத்தது | எளிது |
| பணம் வரும் வேகம் | மார்ச்சில் வெள்ளம், மேயில் வறட்சி | 45 நாள் சட்டம் துணை | தவணை தவணையாக | வேலையைப் பொறுத்து |
| காகித வேலை | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் | நடுத்தரம் |
| கூடுதல் மூன்று நாள் | தாங்காது | தாங்கும் | திட்டத்தில் எழுதியிருந்தால் தாங்கும் | ஆள் கிடைத்தால் |

ஒரு வழியில் ஆரம்பித்து இன்னொன்றுக்கு மாறலாம். ஆனால் 8-வது பிரிவுக் கம்பெனியிலிருந்து வெளியே வருவது மிகக் கடினம், ஆகவே அதில் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வழிகளில் எதுவானாலும் தனிநபர் உரிமையாகவே தொடங்கி ஒரு வருடம் பாருங்கள்.

அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து, ஒரு பழைய ப்ரூஃப் தாளின் பின்பக்கம் அவள் கணக்கைப் போட்டோம். வீட்டிலிருந்தே வேலை. அவளுக்கு மாதம் 40,000 வேண்டும். கல்விக் கடன் தவணை அதற்குள் அடக்கம். மற்ற செலவு 8,000. பில் போடக்கூடியது 80 மணி. அடக்கவிலை மணிக்கு 600. அதில் 32 மணியைப் பாதி விலைக்கு, 300-க்குக் கொடுத்தால், மற்ற 48 மணிக்கு 800 வாங்கியாக வேண்டும். “எண்ணூறா? என் ஆபீஸ் க்ளையன்ட்கிட்ட இதைவிட எவ்வளவோ வாங்குறாங்களே அக்கா” என்றாள். ஆமாம் என்றேன்.

வேளச்சேரியில் ஒரு பல் மருத்துவமனை பெயர்ப்பலகையிலிருந்து சீட்டு வரை மாற்ற ஆள் தேடிக்கொண்டிருந்தது, அவர்களிடம் அனுப்பினேன். முழுக் கட்டணத்துக்குப் பேசி முடித்திருக்கிறாள், பாதி அட்வான்ஸ் வந்துவிட்டது. சலுகைக் கணக்கில் அவளுடைய முதல் வேலை திருவள்ளூர் அக்காக்களின் புதுப் பொருள், கம்பு உருண்டை. ராஜினாமா கடிதத்தை வரும் மாதம் முதல் தேதி கொடுக்கிறாள்.